என்ஜின் நம்பர்

அப்பாவின் அம்பாசிடர் 1978 மாடல், மார்க் 3. போன வருஷம் திண்டிவனம் தாண்டி ஒரு பெரிய சத்தத்தோடு நின்றுபோனது. கனெக்டிங் ராட் உடைந்து, பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆயில் பிரஷர் குறைந்ததைப் பார்த்தும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டியது நான்தான். போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுப் பிழைக்கவைக்கிற கேஸ் இல்லை. "தம்பி, இது காயலான் கடைக்குத்தான்" என்றார் மெக்கானிக் அண்ணன். அப்பாவிடம், "பழைய என்ஜின், போயிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மாற்று என்ஜினுக்கு மூன்று வழிகள் இருந்தன. புதுப்பேட்டையில் தேடி, அதே 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் என்ஜினைப் போடலாம். பிரிட்டனில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்ட அதே குடும்பம். அல்லது, பின்னாளில் கம்பெனியே அம்பாசிடரில் வைத்த 1.8 லிட்டர் இசுசு. கூடவே ஐந்து கியர், நல்ல இழுவை. இல்லையென்றால் டாக்ஸிக்காரர்களின் டீசல். நான் முதலாவதைச் சொன்னேன். பழைய கியர்பாக்ஸும் மவுண்ட்டும் அப்படியே பொருந்தும். அப்பாவின் காலுக்கும் பழகிய கிளட்ச்.

அப்போதுதான் அண்ணன் சொன்னார்: "பழைய நம்பரையே இதுல பஞ்ச் பண்ணிடலாம் தம்பி. ஆர்டிஓ அலைச்சல் மிச்சம். நாளைக்கு வித்தாலும் ஒரிஜினல்னே சொல்லிக்கலாம்."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ஜின் மாற்றத்துக்கு அனுமதி வாங்கச் சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாதது சட்டமில்லை.

நண்பன் ஒருவன் எதிர்பார்த்தபடியே தீசியஸின் கப்பலை இழுத்தான். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பலா? கழற்றிய பலகைகளை வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று ஹாப்ஸ் கேட்டார். எல்லாம் சரிதான். ஆனால் ஏதென்ஸில் பலகை மாற்றியதை யாரும் மறைக்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. மாற்றம் நடந்தது தெரிந்ததால்தான் தத்துவவாதிகளால் அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது. நம்பரை அடித்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. வாங்குகிறவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் அவனிடமிருந்து திருடிவிடுகிறேன்.

'விற்கப் போவதே இல்லையே, யாருக்கு நஷ்டம்?' என்றும் யோசித்துப் பார்த்தேன். உடனே எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பணம் இரண்டு முறை பிடித்தமாகிற ஒரு பிழையை நான் கோடில் ஏற்றிவிட்டேன். பார்த்ததும் திருத்தி, கிட்டில் ஃபோர்ஸ் புஷ் போட்டு, அந்த கமிட் இருந்த தடத்தையே அழித்தேன். பிழை சரியாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் என் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், தான் செய்த மாற்றத்தால்தான் அது நடந்தது என்று நம்பி, இரண்டு ராத்திரி தன் கோடையே தோண்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

மாற்றுவதில் பொய் இல்லை. இசுசுவைப் போட்டிருந்தாலும் அது நேர்மையான வண்டிதான். மாற்றவே இல்லை என்று காட்டுவதுதான் பொய். அந்தப் பழைய நம்பர் எதை மறைக்கும் என்றும் எனக்குப் புரிந்தது. ஆர்சி புத்தகத்தில் என்ஜின் மாறவில்லை என்றால், நான் அதை உடைக்கவும் இல்லை.

அண்ணனிடம் வேண்டாம் என்றேன். "உங்க இஷ்டம்" என்றார், கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து. ஆர்டிஓவுக்கு நாலு நடை. ஆர்சியில் இப்போது சேஸிஸ் நம்பர் பழையது, என்ஜின் நம்பர் வேறு.

முதல் ஓட்டத்தில் அப்பா செகண்ட் கியரிலேயே சொன்னார், "சத்தம் வேறடா."

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பிரஷர் குறைந்ததைப் பார்த்தும் ஓட்டினேன் என்றேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றவர், வண்டியை மறுபடி எடுத்தார்.

அந்தப் பையனின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.