ஏர் தொடாத துறவும் ஏர் பிடிக்கும் துறவும்

நகரத்தை விட்டு நீங்கி, நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை வாங்கிப் புதிதாக வாழத் தொடங்குவதைத் துறவு என்று போற்றும் வழக்கம் இன்று பரவலாக இருப்பினும், இந்தியச் சமய நூல்கள் துறவு என்று குறித்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறியதன்று. தருமசாத்திரங்கள் வகுத்த நான்கு ஆசிரமங்களுள் மூன்றாவதான வானப்பிரஸ்தம், அதாவது இல்லறக் கடன்களை முடித்தவன் தலை நரைத்துப் பேரனைக் கண்டபின் காடு செல்லும் நிலை, ஊரை விட்டு நீங்குதலையே முதற்படியாகக் கொண்டது. ஆயினும் அந்நிலையை மேற்கொண்டவன், உழுத நிலத்தில் விளைந்த எதையும், பிறர் வேண்டாமென்று எறிந்ததாக இருந்தாலும்கூட, உண்ணலாகாது என்று மனு நூலின் ஆறாம் அத்தியாயம் விதிக்கிறது; பத்தாம் அத்தியாயமோ, இரும்புக் கொழு நிலத்தையும் நிலத்துள் வாழும் உயிர்களையும் புண்படுத்துவதால் உழவு சான்றோரால் பழிக்கப்படுவது என்கிறது. மண்ணையே உயிருள்ளதாகக் கருதும் சமணத் துறவியர் அதைத் தோண்டுவதும் இல்லை. இந்த மரபில் ஏர் என்பது துறவின் அடையாளமாக இல்லை. துறக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாகவே இருக்கிறது.

துறவுக்கு ஓர் அதிகாரமும் உழவுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கிய திருக்குறள் இவ்விரண்டையும் வேறு விதமாக இணைக்கிறது. உழவர் தம் தொழிலை நிறுத்திவிட்டால் துறவியரின் துறவும் நிலைக்காது என்பது உழவு அதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. இதை உழவின் புகழுரையாக மட்டுமே படிப்பது வழக்கம். துறந்தவன் உண்ணும் சோறு யாருடைய உழைப்பு என்னும் கேள்வியும் அதற்குள் இருப்பதால், துறவியை நோக்கிய மென்மையான கடிந்துரையாகவும் அதைப் படிக்க இடமுண்டு.

ஏர் பிடித்தலையே சமயக் கடமையாகக் கொள்ளும் கருத்து பெருமளவில் வேறொரு வேரிலிருந்து வந்தது. நெற்றி வியர்வை சிந்தி உணவு உண்பாய் என்று ஆதாமுக்கு இறைவன் விதித்ததாக விவிலியத்தின் ஆதியாகமம் கூறுவதைச் சாபமாகவே பலரும் கருதியிருக்க, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட திமோஃபேய் போந்தரெவ் என்னும் உழவர், அதைக் கட்டளைகளில் முதன்மையானதாகக் கொண்டார். தன் உணவுக்கான உடலுழைப்பைப் பிறர் தலையில் சுமத்துவோர், எவ்வளவு கற்றவராயினும், அக்கட்டளையை மீறியவரே என்பது அவருடைய வாதம். லியோ டால்ஸ்டாய் இதை ஏற்றுப் பரப்பினார். அவர் வழியாக இது காந்தியை அடைந்தது. காந்தி இதைப் பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் கூறும் யக்ஞத்தோடு, அதாவது வேள்வியோடு, இணைத்தார். வேள்வி செய்யாது உண்பவன் திருடன் என்று கீதை கூறும்போது, அவ்வேள்வி உடலுழைப்பேயன்றி வேறில்லை என்பது அவர் கொண்ட பொருள். மரபான உரையாசிரியர்கள் கொண்ட பொருள் இதுவன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இக்கருத்து நிலத்தில் இறங்கியபோது என்ன ஆயிற்று என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே தெளிவான சான்று. 1904ஆம் ஆண்டு ஜோகனஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இரவு ரயிலில் சென்ற காந்தி, நண்பர் ஹென்றி போலக் கொடுத்த ஜான் ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலைப் படித்து, வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உழுது வாழும் வாழ்வே வாழத்தக்கது என்னும் முடிவுகளுக்கு வந்தார். அவ்வாண்டிலேயே டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில், ஃபீனிக்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகில், ஒரு சிறு ஊற்றும் சில ஆரஞ்சு, மா மரங்களும் கொண்ட 20 ஏக்கரும், அதை ஒட்டிய 80 ஏக்கரும் 1,000 பவுனுக்கு வாங்கப்பட்டன. காந்தி நடத்திவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம் அங்கே பெயர்ந்தது. நிறமோ மொழியோ பாராமல் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுன் என்பது திட்டம். ஆனால் காந்தியால் அங்கே தொடர்ந்து தங்க முடியவில்லை. அவர் ஜோகனஸ்பர்க்கின் வழக்குமன்றத்துக்கே திரும்ப நேர்ந்தது. ஒரு கட்டத்தில் இதழைத் தாங்குவதற்கு மாதம் 75 பவுன் வரை தம் வழக்கறிஞர் வருமானத்திலிருந்தே அனுப்ப வேண்டியிருந்தது. நகரத்தை மறுத்து எழுந்த குடியிருப்புக்கு நகரமே படியளந்தது. இதைப் போலித்தனம் என்று ஏளனம் செய்வது எளிது. துறவு என்னும் அளவுகோலால் அளந்தால் மட்டுமே அது போலியாகிறது, கடன் என்னும் அளவுகோலால் அளந்தால் நிலைமை வேறு.

1910 மே மாதம், செல்வமும் பெயரும் பெற்ற ஜோகனஸ்பர்க் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், லாலி ரயில் நிலையத்துக்கு அருகில் தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை, காந்தியின் தலைமையில் அறவழியில் போராடிய சத்தியாக்கிரகிகளுக்கு வாடகையின்றி அளித்தபோது உருவானது டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றோரின் குடும்பங்கள், அவற்றுள் பல தமிழ்க் குடும்பங்கள், அங்கே குடியேறின. சொந்த வேலையாக ஜோகனஸ்பர்க் செல்வோர் 21 மைல் தொலைவையும் நடந்தே கடக்க வேண்டும் என்பது விதி. செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக், டிராப்பிஸ்ட் துறவியர் நிறுவிய மரியன்ஹில் கத்தோலிக்க மடத்தில் கற்று வந்து பிறருக்குக் கற்பித்தார். அத்துறவியரின் வாழ்வுக்கு அடிப்படையான பெனடிக்டின் ஒழுங்குநூல், செபத்தோடு உடலுழைப்பையும் நாள்தோறும் செய்ய வேண்டியதாக விதிக்கிறது. தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்தவர், ஜி. யு. போப்பின் கையேட்டைத் தாண்டாத தமிழறிவு கொண்ட காந்தி.

ஆனால் அங்கிருந்த தமிழர்க்கு மண் என்பது புதிய பொருளா என்று கேட்டால்தான் இக்கருத்தின் கடினமான இடம் வெளிப்படும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர், பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும், டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஐந்தாண்டுக் கட்டு, முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டி. ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் கட்டுப்படாமல் அந்நாட்டில் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. (ஃபீனிக்ஸில் சமத்துவத்தின் அளவாக நின்ற தொகையும் இந்த 3 பவுன்தான், ஒற்றுமை தற்செயலானது, எனினும் கண்ணை உறுத்துவது.) மண்வெட்டி பிடிப்பதே அறம் எனில், ஆதியாகமத்தின் கட்டளையை அன்று நேட்டாலில் மிகுதியாக நிறைவேற்றியவர்கள் இக்கூலிகளே, அவர்களுக்கு அது விடுதலையாக இல்லை. அதே வேலை வழக்கறிஞர் கையில் வேள்வியாகவும் கூலியின் கையில் தளையாகவும் ஆவதற்குக் காரணம் வேலையில் இல்லை, அதை விட்டு எழுந்து போகும் உரிமையில் இருக்கிறது. அவ்வுரிமையைப் பெற்ற ஒருவன் அது இல்லாதவர்க்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்னும் கேள்விக்கு போந்தரெவின் கோட்பாடு விடை தருவதில்லை.

டால்ஸ்டாய் பண்ணை விடை தந்தது என்றால், அது மூடப்பட்ட பிறகே தந்தது. 1913ஆம் ஆண்டு, அப்பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், எல்லை கடந்து நேட்டாலிலுள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, 3 பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்தும்படி ஒப்பந்தத் தொழிலாளரிடம் பேசினர். சுரங்கங்கள் நின்றன, கரும்புத் தோட்டங்களும் பின்னர் நின்றன, பெண்கள் கடுங்காவல் தண்டனை பெற்றனர், 1914இல் வரி ஒழிந்தது. பண்ணை அவர்களுக்கு ஒதுங்கிடமாக முடியாமல் பயிற்சிக் களமாக முடிந்ததே அதன் சிறப்பு என்று கொள்ளலாம்.

இருப்பினும் இக்கணக்கில் விடுபட்ட ஒரு தரப்பு உண்டு. நாட்டுப்புறம் நோக்கிச் செல்வோர் தாம் சேரும் நிலத்தை எவரும் இல்லாத வெளியாகக் காண்பது எங்கும் காணப்படும் பிழை. ஃபீனிக்ஸ் அமைந்த இனாண்டா பகுதியில்தான் ஜூலு இனத்தவரான ஜான் டூபே ஒலாங்கே கல்விநிலையத்தை நடத்திவந்தார். அவர் தலைமை தாங்கிய ஆப்பிரிக்கர் காங்கிரஸ் எதிர்த்தும், 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஆப்பிரிக்கரின் நில உரிமையை நாட்டின் பரப்பில் சுமார் 7 விழுக்காட்டுக்குள் அடைத்தது. அதன்பின் நிலமிழந்தோர் எதிர்த்திசையில், நாட்டுப்புறத்திலிருந்து நகரம் நோக்கி, வரத் தொடங்கினர். டர்பனும் வளர்ந்து ஃபீனிக்ஸைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் மூண்ட கலவரத்தில் காந்தியின் வீடு எரிக்கப்பட்டது; அது திரும்பக் கட்டப்பட்டு 2000இல் திறக்கப்பட்டபோது, அதைச் சுற்றிப் பம்பாயி என்னும் பெயரில், பிழைப்புத் தேடி வந்த ஆப்பிரிக்கரின் குடிசைகள் நிறைந்திருந்தன.