காலி இடத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

1968க்கு முன்பு ஃபார்முலா ஒன் காரைப் பார்த்தாலே அது எந்த நாட்டுக் கார் என்று தெரியும். இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். அந்த ஆண்டு லோட்டஸ் அணி பச்சையை உதறிவிட்டு, கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பும் வெள்ளையும் பொன்னிறமும் பூசிய காரோடு வந்து நின்றது. முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டின் உலக சாம்பியன் லோட்டஸ் ஓட்டிய கிரகாம் ஹில்தான். அடுத்த சில ஆண்டுகளில் முகச்சுளிப்பும் மறைந்தது, நாட்டு நிறங்களும் பெரும்பாலும் மறைந்தன.

அன்று முதல் அணிகள் சொல்லிவரும் சமாதானம் ஒன்றுதான்: நாங்கள் இடத்தை விற்கிறோம், அதில் எழுதியிருப்பதற்கு எழுதியவரே பொறுப்பு. தெருவோர வீட்டுச் சுவரை விளம்பரத்துக்கு விட்டவரும் இதையேதான் சொல்வார். அவர் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். சுவருக்கு ரசிகர் கிடையாது; சுவர் ஜெயித்ததென்று யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. பந்தயக் காரோ தன் வேகத்தையும் துணிச்சலையும் வெற்றியையும் அந்தப் பெயருக்குக் கடன் கொடுக்கிறது. விளம்பரதாரர் வாங்குவது உலோகத் தகட்டில் நாலு முழ இடத்தை அல்ல, இந்தக் கடனைத்தான்.

எதிர்வாதத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1981இல் மெக்லாரன் கார்பன் இழையால் ஆன உடற்கூடு கொண்ட காரைக் களமிறக்கியது. அதன் மேல் மார்ல்பரோ சிகரெட்டின் சிவப்பு வெள்ளை. அந்த ஆண்டு மொன்ஸாவில் அதை ஓட்டிய ஜான் வாட்சன் தடுப்பில் மோதி, கார் இரண்டாகப் பிய்ந்தது. மனிதர் எழுந்து நடந்தே வந்தார். அதன் பிறகு எல்லா அணிகளும் கார்பன் கூட்டுக்கு மாறின. இன்றைய ஓட்டுநர்கள் பலர் உயிரோடிருப்பதில் சிகரெட் காசுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஓட்டுநரைக் காத்த பணம் சிகரெட் வாங்கிய பார்வையாளரிடமிருந்து வந்தது. கொடுத்தவர் வேறு, பயனடைந்தவர் வேறு. கொடுத்தவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

புகையிலை விளம்பரத்துக்குச் சட்டம் குறுக்கே வந்த பிறகு நடந்ததுதான் இதில் முக்கியம். தடை உள்ள நாடுகளில் ஓடும்போது ஜோர்டன் அணி பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரெட் பெயரிலிருந்து சில எழுத்துகளை உதிர்த்து, ‘பி ஆன் எட்ஜ்’ என்று காரில் எழுதிக்கொண்டது. படித்தவர் சிரித்தார், சிரிக்கும்போதே விடுபட்ட எழுத்துகளை மனத்தில் நிரப்பிக்கொண்டார். விளம்பரத்தின் பாதி வேலையைப் பார்ப்பவரே செய்து கொடுக்கும் ஏற்பாடு அது. சாமர்த்தியம்தான், மறுப்பதற்கில்லை. ஃபெராரி அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மார்ல்பரோ என்ற சொல் இருந்த இடத்தில் பார்கோடு போன்ற கோடுகளை வரைந்தது. அது வெறும் வடிவமைப்பு, விளம்பரமே அல்ல என்று சாதித்தது. மருத்துவர்களின் புகார் வலுத்ததும் 2010 மே மாதம் ஸ்பெயின் பந்தயத்தின்போது கோடுகளை அழித்தது.

விளம்பரமே இல்லாத கோட்டுக்கு மார்ல்பரோ நிறுவனமான ஃபிலிப் மோரிஸ் எதற்காகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தது? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்க முடியும். சிகரெட் பெட்டியின் படத்தை அப்பட்டமாக ஒட்டிய 1968 லோட்டஸைவிட இந்தக் கோடுகள் பெரிய தவறு. பெயர் வெளிப்படையாக இருந்தால் ஒரு தகப்பன் மகனிடம், “அது சிகரெட் விளம்பரம்டா” என்று சொல்லிவிட முடியும். கோட்டைக் காட்டி என்ன சொல்வது? தவிர, மறைப்பவருக்குத் தான் மறைப்பது என்னவென்று தெரியும். ‘இடத்தை மட்டும்தான் விற்றோம்’ என்ற சமாதானம் அங்கேயே செத்துவிடுகிறது. 2018 ஜப்பான் பந்தயத்தில் அதே நிறுவனத்தின் ‘மிஷன் வின்னோ’ என்ற வாசகம் ஃபெராரி மீது ஏறியது. அறிவியல், மாற்றம் என்று விளக்கம் சொன்னார்கள். மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வாசகம் காரில் இல்லை. ஃபெராரியின் 90 ஆண்டு நிறைவுச் சின்னம் இருந்தது.

ஓட்டுநருக்குப் பங்கு உண்டா? 2005இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னின் முதல் இந்திய ஓட்டுநராக ஏறி உட்கார்ந்தது அதே ஜோர்டன் அணியின் மஞ்சள் காரில். இந்தியாவில் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஒரு இருக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஸ்பான்சர் தேடி அலையவேண்டிய புதியவரிடம், காரின் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பது நியாயமாகாது. பல பட்டங்கள் வென்று, தன் பேச்சுக்கு அணியே காது கொடுக்கும் நிலையில் உள்ளவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அணிகளுக்குப் பொறுப்பு புரியாமல் இல்லை. 2021 டிசம்பரில் மெர்சிடிஸ் காரின் முகப்பில் கிங்ஸ்பான் என்ற காப்புப்பொருள் நிறுவனத்தின் பெயர் ஏறியது. 2017இல் தீப்பிடித்து 72 பேரைப் பலிகொண்ட லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் அந்த நிறுவனத்தின் பொருளும் கொஞ்சம் இருந்தது. தங்களுக்குத் தெரியாமல் பயன்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உயிர் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினரும் எதிர்த்தார்கள். அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் மன்னிப்புக் கேட்டார். ஒரே ஒரு பந்தயத்தோடு அந்தப் பெயர் காரிலிருந்து இறங்கியது. ஸ்டிக்கருக்குக் கீழே இருக்கும் காரும் பதில் சொல்லவேண்டும் என்பதை அன்று யாரும் மறுக்கவில்லை. கிரென்ஃபெல் குடும்பங்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது, ஒரே நாளில் நேர்ந்த ஒரே துயரம் இருந்தது, சேர்ந்து கேட்கும் குரல் இருந்தது. புகையிலையால் சாகிறவர் இருபது முப்பது ஆண்டு கழித்து, ஏதோ ஓர் ஊரில், தனித்தனியாகச் சாகிறார். அணிக்குக் கடிதம் எழுத அவர் வீட்டாருக்குத் தோன்றுவதுகூட இல்லை.