விழைவே செயற்கு வித்து



உயிர்க்கு இயல்பாயுள்ள ஆற்றல் இச்சை, ஞானம், கிரியை என மூன்றாம் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஞானம் செய்யும் வகையைக் காட்டும். கிரியை செய்து முடிக்கும். இச்சையோ அவ்விரண்டனையும் ஒரு பொருள்மேற் செலுத்தும். வழி முற்றும் அறிந்தும் புறப்படாதவன் ஊர் சேரான். போகவேண்டும் என்னும் வேட்கையுடையான், வழியறியானாயினும் வினவிச் சென்று சேர்வான். ஆகலின், வகை தெரிதலினும் விழைவே செயற்கு முதன்மையாயிற்று.

இதற்கு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தே உலகறிந்த சான்றொன்றுண்டு. 1991 ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த காலத்து, அறிவொளி இயக்கம் நாட்டுப்புற மகளிர்க்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பயிற்றியது. கல்லுடைப்போரும், வயலிற் கூலிவேலை செய்வோரும், அங்கன்வாடி ஊழியரும், செவிலியரும் திரண்டனர். பலர் காண ஓட்டிக் காட்டிய மகளிர் 70,000க்கு மேற்பட்டனர் என்ப. மகளிர்க்குரிய வண்டி கிடையாதபோது, குறுக்குக் கம்பியுடைய ஆடவர் வண்டியையே வாங்கினர். அக்கம்பியின்மேற் குழந்தைக்கு இருக்கை அமைக்கலாமென்று அதனையே விரும்பினாரும் உளர். ஆடவர் சிலர் எள்ளிய சொல்லும் அவர்களைத் தடுத்திலது.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. சைக்கிள் ஓட்டும் வகை மறைபொருளன்று. தந்தையும் தமையனும் நெடுங்காலம் ஓட்டிய வண்டிதானே அது? பழகச் சில நாள் போதும். இல்லாதிருந்தது, 'இது நமக்குமாம்' என்னும் துணிவொன்றே. அவ்விழைவைப் புறத்திருந்து ஒருவர் ஊட்டினாரல்லர். நாணமும் அச்சமும் ஊரார் ஏச்சுமாகிய மறைப்பு நீங்கவே, உள்ளிருந்தது விளங்கிற்று. ஆணவ இருளில் மறைந்து கிடக்கும் உயிரின் இச்சையை அராக தத்துவம் விளக்குமாறு போல்வது இது. விழைவு விளங்கிய பின், வகை தானே தொடர்ந்து வந்தது.

'இச்சை பந்தமன்றோ? அதனைப் புகழ்தல் யாங்ஙனம்?' எனின், கூறுதும். உலகப் பொருளிற் செல்லுங்கால் அது பந்தம். சிவன்பால் திரும்புங்கால் அதுவே அன்பு. இச்சையை அழித்தலன்று, திருப்புதலே நம் நெறி. திருக்காளத்தியில் ஆகம முறை முற்றும் அறிந்தவர் சிவகோசரியார். ஒரு முறையும் அறியாதவர் கண்ணப்பர். இறைவன் அறியாதவரது அன்பையே அறிந்தவர்க்குக் காட்டியருளினான். முறை வேண்டா என்பதன்று இதன் கருத்து. முறைக்கு உயிராவது அன்பு என்பதே.

நம்மவருள் 36 தத்துவங்களையும் எண்ணிச் சொல்ல வல்லார் பலர். வைகறையில் எழுந்து ஒரு பூவெடுத்து இடுவார் எத்துணையர்? இளைஞர்க்கு விதிகளை அடுக்கிக் கூறி, அவர் வாராமை கண்டு வருந்துவாரும் உளர். அவ்விளைஞரைத் தடுப்பது அறியாமையன்று. 'செய்தாற் பிழையாகுமோ' என்னும் அச்சமே. முதற்கண் அவ்வச்சத்தை நீக்குமின். ஒரு பச்சிலையும் ஒரு கைந்நீரும் திருவைந்தெழுத்தும் தொடங்குதற்குப் போதும் எனச் சொல்லுமின். தொடங்கியவர், வகையினைத் தாமே வந்து நம்மை வினவுவர்; அன்று விதியெல்லாம் இனிக்கும்.

திருச்சிற்றம்பலம்.