கழற்றுவதற்கு முன்

நியூயார்க்கின் பழைய குடியிருப்புகளில் ஜனவரி மாதம் ஒரு வினோதமான காட்சியைப் பார்க்கலாம். தெருவில் பனி உறைந்து கிடக்கும். மேல் மாடிகளில் ஜன்னல்கள் திறந்திருக்கும். உள்ளே சுவரோரமாக நிற்கும், நீராவியால் சூடாகும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் அந்த அளவுக்குத் தகிக்கிறது. அதைக் குறைக்கும் வழி குடியிருப்பவர் கையில் இல்லை. ராத்திரியில் குழாய்க்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் வேறு. புதிதாக வீடு வாங்கியவருக்கு, இந்தக் கிழட்டு இரும்பைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மெலிதான நவீன ரேடியேட்டரை மாட்டிவிடலாம் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

தோன்றுவது நியாயம்தான். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதைச் செய்தவர்கள் ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்?

மூடிய அறையின் காற்று ஆளைக் கொல்லும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா உறுதியாக நம்பியது. கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் இல்லத்தரசிகளுக்காக எழுதிய கையேட்டிலேயே வீட்டுக்குள் நல்ல காற்று வருவதைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். பிறகு 1918இன் இன்ஃப்ளுயன்ஸா வந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பது சுகாதார அதிகாரிகளின் அறிவுரையாயிற்று. நீராவிச் சூடேற்றத்தின் வரலாற்றை வாழ்நாள் வேலையாகத் தேடித் தொகுத்த டான் ஹோலஹன், அக்காலப் பொறியாளர்களின் கணக்கைப் பழைய நூல்களிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். வருடத்தின் மிகக் குளிரான நாளில், ஜன்னல்கள் திறந்திருக்க, அறை கதகதப்பாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் பாய்லர், அதற்கு ஏற்ற அளவில் ரேடியேட்டர்.

ஆக, அந்தத் திறந்த ஜன்னல் கோளாறின் அடையாளமல்ல. கட்டியவர்கள் நினைத்ததே அதுதான். பயம் போய்விட்டது, இரும்பு நின்றுவிட்டது. நம் கைக்கு வந்து சேரும் பழைய பொருள்களில் பல இப்படித்தான். இன்று யாரும் கேட்காத கேள்விக்கு அவை பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் பதிலை மட்டும் தூக்கி எறிந்தால் தொல்லை வேறு வடிவத்தில் திரும்பி வரும். இது வெறும் தத்துவமல்ல, குழாயிலேயே பார்க்கலாம்.

ஒற்றைக் குழாய் நீராவி முறையில் மேலே ஏறும் ஆவிக்கும் குளிர்ந்து கீழே இறங்கும் தண்ணீருக்கும் ஒரே வழி. ரேடியேட்டருக்குள் இருக்கும் காற்று வெளியேறினால்தான் ஆவி உள்ளே வர முடியும். அதற்காகவே குழாய் சேரும் பக்கத்துக்கு மறு ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு காற்று வால்வு இருக்கும். பெயின்ட் பூசிப் பூசி அதன் துளை அடைபட்டுப்போனால் ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும். பழுதானது என்று எடைக்குப் போடப்பட்ட எத்தனையோ ரேடியேட்டர்களுக்கு இந்தச் சின்ன உருப்படியை மாற்றியிருந்தாலே போதும்.

சம்மட்டிச் சத்தத்துக்கும் காரணம் எளிது. விவரம் தெரிந்த பிளம்பர் வந்தால் முதலில் ரேடியேட்டரின் தலையில் ரசமட்டத்தை வைப்பார். குமிழி, காற்று வால்வு இருக்கும் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படியென்றால் தண்ணீர் குழாயை நோக்கி வடிகிறது. நூறு வருடத்தில் மரத்தரை தொய்ந்து சாய்வு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வேகமாக வரும் ஆவி அதைத் தூக்கி இரும்பில் மோதும். காற்று வால்வு இருக்கும் ஓரத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு தக்கைகளைச் செருகியதும் பல வீடுகளில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆவி உள்ளே வரும் பக்கத்து வால்வைப் பாதி மூடி வைப்பதும் இதே தொல்லையைத் தரும். முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூட வேண்டும்.

மெலிதான புது ரேடியேட்டர்களில் பெரும்பாலானவை வெந்நீருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் குறுகிய வழிகளில் ஆவியும் தண்ணீரும் ஒன்றையொன்று கடக்க முடியாது. இன்னொரு சிக்கல் பாய்லரில் இருக்கிறது. நீராவி முறையில் பாய்லரின் அளவை வீட்டின் வெப்ப இழப்பு தீர்மானிப்பதில்லை. இணைத்திருக்கும் ரேடியேட்டர்களின் மொத்த வெப்பத் திறனே தீர்மானிக்கிறது. பலவற்றைச் சிறிதாக்கினால், உண்டாகும் ஆவிக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும், பாய்லர் நிற்கும், உடனே மறுபடி எரியும். ஒருவர் தன் வீட்டுக்குள் எடுக்கும் முடிவின் விளைவை மொத்தக் கட்டடமும் சுமக்கிறது. அண்டை வீட்டாரோடு ஒரு குழாயைப் பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான்.

இதற்காகப் பழையதைக் கும்பிட வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் பிராங்க்ஸில் ஒரு ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட நீராவி இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பராமரிப்பைப் பற்றி எழுதும் யாரும் அதை மறந்துவிட்டு எழுதக் கூடாது. எண்ணெயையும் எரிவாயுவையும் எரிக்கும் பாய்லர்களுக்கு இனி நீண்ட எதிர்காலமும் இல்லை. 2019இல் நியூயார்க் நகரம் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 97 பெரிய கட்டடங்களின் கார்பன் உமிழ்வுக்கு வரம்பு விதித்துவிட்டது. குவீன்ஸில் உள்ள உட்சைடு பொதுக் குடியிருப்பில், ஜன்னலில் பொருத்தி, சாதாரண பிளக் பாயிண்டில் செருகும் வெப்பப் பம்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சுவரை உடைக்காமல், குழாயைத் தொடாமல், அந்தந்த அறையின் சூட்டை அந்தந்தக் குடும்பமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மாற்றுவதென்றால் இப்படி அடியோடு மாற்றுவதுதான் அறிவு.

அந்த நாள் வரும்வரை, வெடித்துப்போன ஒன்றை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய கட்டடச் சாமான் விற்கும் கிடங்குகளில் அதே வார்ப்பிரும்பு இன்னும் கிடைக்கிறது. போவதற்கு முன் உயரம், ஒரு பிரிவில் எத்தனை தூண், மொத்தம் எத்தனை பிரிவு என்று எழுதி எடுத்துக்கொண்டால் போதும். அந்த விவரத்தைப் பழைய அட்டவணையில் வைத்துப் பார்த்தால், பாய்லர் எதிர்பார்க்கும் அதே அளவு ரேடியேட்டர் எது என்று தெரிந்துவிடும்.