மன்னிப்பு யார் கணக்கில்?

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதில் ஒரு சௌகரியம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஒரு சங்கடம், நேற்று நிறுத்திய இடமும் இன்று நிறுத்திய இடமும் மண்டைக்குள் சண்டை போடும்.

நண்பனும் நானும் வாடகை பைக்குகளில் பிரான்ஸைக் குறுக்கே கடந்தோம். முதலில், கிழக்கு எல்லையில் அல்சேஸின் தலைநகர் ஸ்ட்ராஸ்பர்க். அங்கே 1936-ல் வைத்த ஒரு சிலை: சாகும் இரண்டு மகன்களைத் தாங்கிய தாய். மகன்களுக்கு ராணுவ உடுப்பு இல்லை. ஒருவன் ஜெர்மனிக்காக, மற்றவன் பிரான்ஸுக்காகச் செத்தவன் என்பார்கள். அல்சேஸ் அப்படிக் கைமாறிய பூமி. 1940-ல் ஹிட்லரிடம் போனது. 1942 முதல் அதன் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். மறுத்தால் குடும்பத்துக்கு ஆபத்து.

இரண்டு நாள் கழித்து ஒராதூர்-சுர்-க்ளான். பைக்கை வெளியே விட்டு நடந்துதான் போக வேண்டும். 1944 ஜூன் 10 அன்று எஸ்.எஸ். படை ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துச் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் வைத்துக் கொன்று, தீ வைத்தது. 643 பேர். எரிந்த ஊரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கூரையில்லாத வீடுகளில் துருப்பிடித்த தையல் மெஷின்கள்.

1953-ல் போர்தோ நகரில் வழக்கு. கூண்டில் நின்ற 21 பேரில் 14 பேர் அல்சேஸ்காரர்கள். அவர்களில் 13 பேர் கட்டாயத்தில் சேர்ந்தவர்கள். தண்டனை விழுந்ததும் அல்சேஸ் கொதித்தது. சில நாட்களில் நாடாளுமன்றம் 13 பேருக்கும் பொதுமன்னிப்பு வழங்கியது. ஒராதூர்காரர்கள் அரசு தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்புக்கு ஓட்டுப் போட்ட எம்.பி.க்களின் பெயர்களை ஊர் வாசலில் எழுதி வைத்தார்கள்.

“பாவம்டா, அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க?” என்றான் நண்பன். வாஸ்தவம்தான். ஆனால், தையல் மெஷின் என்னை விடவில்லை.

எனக்கு பி.காம். புத்தி. வாராக் கடனைத் தள்ளுபடி செய்யலாம். கடன் கொடுத்தவர் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் செய்ய முடியாது. இங்கே கணக்கு 643 பேர் பெயரில். யாரிடம் கையெழுத்து வாங்குவது?

நாடு இரண்டுபடாமல் இருக்க, தண்டனையை ரத்து செய்யலாம். கட்டாயத்தில் போனவனுக்கு அது நியாயமாகவும் இருக்கலாம். அதை மன்னிப்பு என்று எழுதுவதுதான் கணக்குப் பிழை.

நாமும் செய்கிறோமே... அடி வாங்கியவரிடம் போய், ‘விடுப்பா, மறந்துடு’ என்று நாமே பைசல் பண்ணிவிடுகிறோம். அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?