முறையிடும் பறவை



பிரயாணம் ஒன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ணுற்ற நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூதில் இது காணப்படுகிறது. அன்று திருப்பிக் கொடுக்க முடிந்தது. இன்று தென்சமுத்திரத்தில் குஞ்சுக்குத் தாயைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடிவதில்லை.

அல்பட்ராஸ் என்றொரு கடற்பறவை உண்டு. அதன் பெரிய இனம் சிறகை விரித்தால் 11 அடி வரை இருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்து, சுமார் ஒன்பது மாதம் குஞ்சுக்கு ஊட்டும். இரைதேடி ஆயிரக்கணக்கான மைல் செல்லும். அதை ஆகாயத்தில் தாங்கிப் பிடிப்பவன் யார் என்று இரவுதோறும் ஸூரத்துல் முல்க் ஓதும் வீட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் பல மைல் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கோத்து, இரைவைத்துக் கடலில் விடுகின்றன. இரை முங்குவதற்குள் பறவை பாய்ந்து கவ்வுகிறது. முள் மாட்டிக்கொள்ள, கயிறு அதையும் ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. அதை யாரும் உண்பதில்லை, விற்பதுமில்லை. தீவிலே குஞ்சு வாய்திறந்து காத்திருக்கிறது. ஒற்றைப் பறவை கொணரும் இரை அதற்குக் காணாது.

அல்பட்ராஸ் இனங்கள் 22. அவற்றில் 15 அழியும் அபாயத்தில் இருக்கின்றன. எல்லாக் கடற்பறவை இனங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கின் கதி இதுதான். கப்பலேறித் தீவுகளுக்குப் போன எலியும் பூனையும் கூட்டை அழிப்பது தனிக்கதை.

கடல்மீன் ஹலாலாயிற்றே, பறவையை வேண்டுமென்றா கொல்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். மீனவரின் பிழைப்பை நாம் குறை கூறவில்லை. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி கியாமத்து நாளில் தன் ரப்பிடம் முறையிடும் என்று ஹதீஸில் வருகிறதே, அதைத்தான் நினைவூட்டுகிறோம். அறியாமல் நேர்ந்ததற்கு மன்னிப்பு உண்டு. தடுக்கும் வழி தெரிந்த பின்னும் வாளாவிருப்பவர் அறியாமையைச் சாக்காகச் சொல்ல முடியுமா?

வழியோ மிக எளிது. வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு ஒன்றைக் கப்பலின் பின்னே பறக்கவிட்டால் பறவை அஞ்சி விலகும். தூண்டிலுக்குக் கனம் கட்டினால் விரைவில் முங்கிவிடும். இரவில் இறக்கினாலும் பலன் உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியா நாடு 2015ல் இந்த நாடாக் கயிற்றைச் சட்டமாக்கிற்று. 2018க்குள், அங்கே கடலடி மீனுக்குத் தூண்டில் விடும் கப்பல்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. அந்தக் கயிறுகளை வால்விஸ் பே துறைமுகத்துப் பெண்கள் சிலர் கையாலேயே செய்து கொடுத்தார்கள்.