எய்த அம்பின் இறகு

வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருக்கிறதா, இருந்தால் அது எந்த வகை என்று கண்டறிவதால் அந்தக் குழந்தைக்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. எந்த வகையானாலும் வைத்தியம் ஒன்றே: உப்புச் சர்க்கரைக் கரைசல், ஜிங்க் மாத்திரை, தாய்ப்பால், உடல் மிகவும் வற்றியிருந்தால் இரத்தநாளம் வழியே திரவம். வகை இன்னதென்று தெரியவரும்போது குழந்தை பெரும்பாலும் வீடு திரும்பியிருக்கும். அப்படியானால் துவண்டு கிடக்கும் பிள்ளையிடம் மாதிரி எடுப்பது எந்த அறத்தின்படி?

பாலி நூல்களில் புத்தர் சொன்னதாக ஓர் உவமை வருகிறது. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் என்ன குலம், வில் எந்த மரம், அம்பின் இறகு எந்தப் பறவையினுடையது என்று தெரிந்த பிறகே அதைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடித்தால், தெரிவதற்குள் செத்துப்போவான். படுக்கை அருகில் இந்த உவமைக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதே வழியில் ஆண்டுதோறும் அம்பு வந்து விழுந்துகொண்டே இருந்தால், பின்னால் வருகிறவனுக்காக யாராவது இறகையும் பார்த்து வைக்க வேண்டும். வகைகளைக் கண்காணிப்பது அந்த வேலைதான்.

வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் பிள்ளைக்கு வயிற்றால் போகும்போது தாய் கேட்பது வேறு கேள்வி: ஏன் என் பிள்ளைக்கு? பல் முளைக்கிறது, கண் பட்டது, எச்சில் தோஷம், குடலேற்றம் என்று பல பதில்கள் காத்திருக்கின்றன. மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாசலில் குழந்தையை ஓதி ஊதச் சொல்லி மதம் பாராமல் பெண்கள் நிற்பது வடசென்னைக்குப் பழகிய காட்சி. ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ போவதைத் தாமதப்படுத்தாதவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுங்கும் தாய்க்கு அது ஒரு பிடிமானம். குடலேற்றம் என்று குடல் தட்டுவது அப்படியல்ல. நீர் வற்றிய குழந்தைக்கு அந்த அரைமணி நேரமே பெரிய இழப்பு.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் பதில் வினை. அதன் புகழ்பெற்ற கதை ஒன்று பக்கத்துத் திருவொற்றியூரிலேயே நடக்கிறது. பிரியேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். சுந்தரர் சத்தியத்தை அறிந்தே மீறினார். அவருக்கு வந்த துன்பத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை எதை மீறியது? முற்பிறவி என்று சொன்னால் கணக்கு நேராகலாம், ஆனால் நோயில் கிடக்கும் குழந்தை அங்கே குற்றவாளியாகிவிடுகிறது. சைவத்துக்குள்ளிருந்தே இதற்கு மறுப்பு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினைக்கு வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாமல் இருப்பதையே குறை என்கிறது. வினையை மறுக்காத மரபுதான். ஆயினும் அதைக் காரணம் காட்டிக் கை கட்டி நிற்பதை அது ஏற்கவில்லை.

இன்றைக்கு வினையின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது: சுத்தம். பேதி என்றாலே தாய் கை கழுவவில்லை, குடித்தண்ணீரைக் காய்ச்சவில்லை என்ற பேச்சு. காலராவுக்கும் டைபாய்டுக்கும் தண்ணீர் பெரிய காரணம் என்பது உண்மை. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரைப் பார்த்த வடசென்னைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டா வைரஸ் அந்தக் கணக்குக்கு அடங்காது. 1973இல் ரூத் பிஷப்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை இனம் கண்டது மெல்போர்ன் நகரக் குழந்தைகளின் குடலில். தடுப்பு மருந்து வருவதற்கு முன் செல்வ நாடுகளிலும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் இதற்கு ஆளானார்கள். தொற்று எங்கும் ஒன்று, சாவு மட்டும் ஏழை நாடுகளில் குவிந்தது. குடலின் உட்சுவரில் இருக்கும் சில சர்க்கரை மூலக்கூறுகள் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சில வகை வைரஸ்கள் சிலரை எளிதில் தொற்றுவதில்லை என்றும் தெரிந்திருக்கிறது. இதற்கு ஊழ் என்று பெயர் வைத்தாலும், அந்த ஊழில் யாருடைய குற்றமும் இல்லை.

இந்தியாவில் முறையான கண்காணிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் தொடங்கியது. அதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர் ககன்தீப் காங் முக்கியப் பங்கு வகித்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்ட 4,243 குழந்தைகளில் சுமார் 39 விழுக்காட்டினரிடம் ரோட்டா வைரஸ் காணப்பட்டது. வைரஸின் மேலுறையிலுள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி என்றும் பி என்றும் வகை பிரிக்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதி பதினொரு துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகைகள் ஒரே செல்லில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புது வகை பிறக்கும். வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வில் கசப்பான உண்மை ஒன்று தெரிந்தது. மெக்சிகோவில் இருமுறை தொற்று வந்த குழந்தைக்குக் கடும் நோய் வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான்.

மாதிரி எடுப்பதைவிடக் கடினமான அறக்கேள்வி அடுத்து வந்தது. தில்லியில் மருத்துவர் எம். கே. பான் குழுவினர், பிறந்த குழந்தைகளிடம் நோய் தராமல் இருந்த 116இ என்ற வைரஸைக் கண்டறிந்தார்கள். அதிலிருந்து ரோட்டாவாக் என்ற தடுப்பு மருந்து உருவாயிற்று. தில்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டபோது மூன்றில் ஒரு பங்கினருக்கு வெற்று மருந்து. வேறு ரோட்டா தடுப்பு மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே பரிந்துரைத்திருந்தது. இந்தியாவிலும் காசு கொடுத்தால் கிடைத்தன. அவை இந்தியக் குழந்தைகளிடம் எவ்வளவு பலிக்கும் என்பது தெரியாது, அரசுத் திட்டத்திலும் இல்லை, சோதனையில் சேர்ந்த எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரப்பட்டது என்பது ஒரு தரப்பு. இருக்கும் கேடயத்தைத் தராமல் எண்ணிக்கொண்டிருந்தது தவறு என்பது மறுதரப்பு. மறுதரப்பின் வாதம் வலுவானது. பிறருக்காகத் துன்பம் ஏற்பதைத் தியாகம் என்கிறோம். அதைத் தேர்ந்தெடுக்க முடியாத கைக்குழந்தையிடம் அந்தச் சொல் பொருந்தாது. மலமாதிரிக்கும் வெற்று மருந்துக்கும் உள்ள தூரம் இதுதான்: ஒன்று குழந்தையிடமிருந்து எதையும் குறைப்பதில்லை, மற்றொன்று கிடைத்திருக்கக்கூடிய காப்பை நிறுத்திவைக்கிறது.

சோதனையில் கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்த அந்த மருந்து 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பிறகு இந்தியாவில் ஜி1பி[8] பின்வாங்கி ஜி3பி[8] முன்னுக்கு வந்தது. தடுப்பு மருந்தின் அழுத்தமா, வைரஸின் வழக்கமான அலைச்சலா என்று உடனே சொல்லிவிட முடியாது. தடுப்பு மருந்து இல்லாத இடங்களிலும் வகைகள் மாறுவதுண்டு. தொடர்ந்து மாதிரி எடுத்தால்தான் பிரித்தறிய முடியும்.

இப்போது 6, 10, 14ஆம் வாரங்களில், பெரும்பாலும் புதன்கிழமைகளில், சுகாதார மையங்களில் ரோட்டா தடுப்புச் சொட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வயது தாண்டினால் முதல் தவணை கிடையாது. 2005இல் மாதிரி தந்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின் அதே தெருவில் பிறந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.